சக்கிமுக்கித் துப்பாக்கிக்கு எந்த மருந்து?

கேள்வி: பென்சில்வேனியாவில் வசிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கும் மான் வேட்டைக்காக .50 அளவுள்ள சக்கிமுக்கித் துப்பாக்கி வாங்கினேன். அசல் கருமருந்து, அதாவது பழங்கால வெடிமருந்து, இருப்பில் இல்லை, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லிக் கடைக்காரர் மாற்று மருந்து கொடுத்தார். விசையை இழுத்ததும் கல்லின் பொறி விழும் கிண்ணத்துக்கு மட்டும் நண்பர் கொடுத்த அசல் மருந்தைப் பயன்படுத்துகிறேன். பயிற்சியில் மூன்று முறை விசையை இழுத்தால் இரண்டு முறை கிண்ணத்து மருந்து மட்டும் எரிகிறது; குண்டு வெளியேறுவதில்லை. துப்பாக்கியில் கோளாறா?

பதில்: நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் துப்பாக்கியில் இல்லை, டப்பாவில் இருக்கிறது. இரண்டும் ஒன்றுதான் என்று உங்களிடம் சொன்னவர் தம் அலமாரியில் இருந்ததை விற்றிருக்கிறார், அவ்வளவுதான்.

கிண்ணத்தில் எழும் தீ, ஊசி நுழையும் அளவேயான ஒரு பக்கத்துளை வழியாகக் குழாய்க்குள் எட்டிப்பார்க்கிறது. அந்தச் சிறு பொறிக்கே பற்றிக்கொள்வதுதான் அசல் கருமருந்தின் குணம். பைரோடெக்ஸ், டிரிபிள் செவன் போன்ற மாற்று மருந்துகள் பற்றுவதற்கு அதைவிடக் கூடுதல் வெப்பம் வேண்டும். டிரிபிள் செவனில், எளிதில் தீப்பிடிக்கும் கந்தகமே கிடையாது. ப்ரைமர் என்னும், தட்டியதும் தீப்பற்றும் சிறு மூடியின் உக்கிரமான தீ நேராக மருந்தின் மேல் பாயும் நவீனத் துப்பாக்கிகளுக்கு அவை பொருந்தும், சக்கிமுக்கிக்குப் பொருந்தா. வில்லைகளாக வரும் மருந்தும் அந்த வகைத் துப்பாக்கிகளுக்கென்றே செய்யப்பட்டது.

ஆகவே, அசல் கருமருந்தையே வாங்குங்கள். டப்பாவில் எஃப் என்ற எழுத்து எத்தனை முறை வருகிறதோ அவ்வளவுக்கு மருந்து நுண்மையானது. .50 குழாய்க்கு இரட்டை எஃப், கிண்ணத்துக்கு நான்கு எஃப் என்பது வழக்கம். இதற்கு ஒரு விலக்கு உண்டு. பலர் இதில்தான் குழம்புகிறார்கள் என்பதால் விரித்துச் சொல்கிறேன். மூன்று எஃப் மருந்து ஒன்றையே குழாய்க்கும் கிண்ணத்துக்கும் பயன்படுத்தலாம். நான்கு எஃப் ஈரத்தை விரைவாக இழுத்துக்கொள்வதால், பனி பெய்யும் டிசம்பர் காலையில் கிண்ணத்தில் கரிச்சேறாகிவிடும். மூன்று எஃப் சற்றுத் தாக்குப்பிடிக்கும், கரியும் குறைவாகவே படியும். ஆனால் அது குழாயில் அழுத்தத்தைக் கூட்டும் என்பதால், இரட்டை எஃப்பில் 70 கிரெயின் (மருந்தை அளக்கும் சிறு அலகு) போட்டுப் பழகியவர் மூன்று எஃப்புக்கு மாறும்போது 60 கிரெயினிலிருந்து தொடங்க வேண்டும். நண்பர் 90 போடுகிறார் என்பது உங்களுக்குக் கணக்காகாது. உங்கள் துப்பாக்கியின் கையேட்டில் அச்சிட்ட உச்ச அளவே எல்லை. அளவைக் குவளையில் அளந்தே ஊற்றுங்கள், டப்பாவிலிருந்து நேராகக் குழாயில் ஊற்றாதீர்கள். முந்தைய வெடிப்பின் தணல் ஒன்று உள்ளே மிஞ்சியிருந்தால் டப்பாவே கையில் வெடிக்கும்.

இப்போது, என்னை எரிச்சலூட்டும் விஷயத்துக்கு வருகிறேன். 1974 முதல் நடந்துவரும் இந்த வேட்டைக் காலத்தில் சக்கிமுக்கி தவிர வேறு துப்பாக்கி கூடாது என்கிறது மாநில விதி. அந்தத் துப்பாக்கிக்கு ஏற்ற மருந்தையோ கூட்டரசுச் சட்டம் வெடிபொருளாக வகைப்படுத்தி, விற்பவர் தனி உரிமமும் தனிக் கிடங்கும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. எந்தச் சிறு கடைக்காரர் இவ்வளவு பாடுபடுவார்? ஆகவே மாற்று மருந்தை அடுக்கிவைத்துக்கொண்டு, அதையே அசல் என்று பேசுகிறார். ஒரு கை துப்பாக்கியைக் கட்டாயமாக்குகிறது, மறு கை மருந்தை மறைக்கிறது. லூசியானாவின் மிண்டனில் இயங்கிய கோஎக்ஸ் கருமருந்து ஆலையை மூடப்போவதாக 2021-இல் அறிவிப்பு வந்து, மறு ஆண்டு அது கைமாறும்வரை, பதுக்கிவைத்தவர்கள் சொன்னதே விலையாக இருந்தது.

இந்த இடைவெளியில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். அபாயப் பொருளை அனுப்பும் கட்டணத்தைப் பங்கிட்டுக்கொள்ளலாம், ஐந்து பவுண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். கணக்குப் போடுங்கள்: ஒரு பவுண்டு 7,000 கிரெயின், வெடிக்கு 70 என்றால் 100 வெடி. கிண்ணத்துக்குப் போவது சொற்பம். பயிற்சியும் சேர்த்து ஒரு வேட்டைக் காலத்துக்கு உங்களுக்கு அந்த ஒரு பவுண்டே தாராளமாகப் போதும்.

துப்பாக்கிச் சந்தையில் உடைத்த டப்பா விற்பவரிடம் ஒருபோதும் வாங்காதீர்கள். ஒருமுறை என் முன்னால் நீட்டப்பட்ட டப்பாவில் கருமருந்தின் பெயர் இருந்தது. உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தால், வெட்டிய நூல்போல் ஒரே அளவான சிறு உருளைகள். கருமருந்து உடைத்த கல்போல ஒழுங்கற்ற மணிகளாக இருக்கும். நான் பார்த்தது, நவீனத் தோட்டாக்களில் இருக்கும், அழுத்தம் மிகக் கூடிய புகையில்லா மருந்து. அதுவும் கறுப்புத்தான். சில வகைகள் தட்டையாகவோ உருண்டையாகவோ இருப்பதால் கண்ணை நம்பியும் பயனில்லை. அதைக் கெட்டித்திருந்தால் குழாய் பிளந்து முகத்தில் அடித்திருக்கும். ஆலை முத்திரை உடையாத டப்பா மட்டுமே வாங்குவதற்கு உரியது.

கிண்ணம் மட்டும் எரிந்து நின்றால், குழாயை இலக்கை நோக்கியே ஒரு நிமிடம் பிடித்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கும். பிறகு துளையை ஊசியால் குத்தித் துப்புரவாக்கிக் கிண்ணத்தில் புதிய மருந்திடுங்கள். அசல் மருந்து போட்ட பிறகும் இது தொடர்ந்தால் மட்டும் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுசெல்லுங்கள். சுட்ட அன்றே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயிட வேண்டும். ஓரிரவு விட்டாலும் துரு ஏறத் தொடங்கிவிடும்.

மீதமிருக்கும் மாற்று மருந்தை வேறு புட்டியில் மாற்றாமல் அதன் டப்பாவிலேயே வையுங்கள். அக்டோபரில் கொம்பில்லா மானுக்கான ஒரு வாரத்தில் ப்ரைமர் துப்பாக்கிக்கும் அனுமதி உண்டு. அப்படியொன்று வைத்திருக்கும் நண்பருக்கு, டப்பாவோடு கொடுத்துவிடலாம்.