டேன்டிலயன் வேர்ல காபி: எப்ப தோண்டணும், எப்படி வறுக்கணும்

கனடாவுல பிராம்ப்டன்ல இருந்து ஒரு வாசகி கேட்டிருக்காங்க: "அக்கா, மே மாசம் வந்தாலே எங்க லான் முழுக்க மஞ்சள் மஞ்சளா டேன்டிலயன்ங்கிற களைச்செடி பூத்துடுது. கும்பகோணத்துல இருந்து மாமியார் வந்து எங்ககூட இருக்காங்க, நெஞ்சு படபடப்பு இருக்குன்னு டாக்டர் காபியை விடச் சொல்லிட்டார், அவங்களுக்கு காலையில காபி இல்லாம ஒண்ணும் ஓடல. டேன்டிலயன் வேரை வறுத்து காபி போடலாம்னு சொல்றாங்களே, நிஜமா? இப்பவே தோண்டிடலாமா? இலையை கீரையா சமைக்கலாமா?"

போடலாம், நல்லாவும் இருக்கும். ஆனா இப்ப வேர்ல கை வைக்காதீங்க. மே மாசம் இலைக்கும் பூவுக்கும்தான், வேருக்கு அக்டோபர் வரைக்கும் பொறுக்கணும். இந்த ஒரு விஷயம் தெரியாமத்தான் நிறைய பேர் ஆர்வமா தோண்டி கழுவி வறுத்து குடிச்சுப் பார்த்துட்டு, வெறும் கசப்புத் தண்ணியா இருக்குன்னு சிங்க்ல ஊத்திடுறாங்க.

காரணத்தை சொல்லிடறேன். டேன்டிலயன் வருஷக்கணக்கா உயிரோட இருக்கிற செடி. குளிர்காலத்துல மேல இலையெல்லாம் செத்தாலும் அடியில ஆணிவேர் தாங்கும், அதுக்காக கோடை முழுக்க வெயில்ல தயார் பண்ணின சர்க்கரையை இனுலின்ங்கிற மாவுச்சத்து மாதிரிப் பொருளா (இன்சுலின் இல்ல) மாத்தி வேர்ல சேர்த்து வச்சுக்குது. இலையுதிர் காலத்துல எடுத்தா காய்ஞ்ச வேரோட எடையில 40 சதவீதம் வரைக்கும்கூட இனுலின் இருக்கும். பனி உருகினதும் அந்த சேமிப்பை எடுத்துத்தான் புது இலை, மொட்டு, பூ எல்லாம் விடுது, அதனால லான் மஞ்சளா இருக்கிற நேரத்துல அடியில வேர்ல சரக்கு கம்மி. வறுக்கும்போது இந்த இனுலின்தான் உடைஞ்சு சர்க்கரையாகி சிவந்து, அந்தப் பழுப்பு நிறத்தையும் லேசா இனிப்பு ஒட்டின கசப்பையும் குடுக்குது. இனுலின் இல்லாத வேரை எவ்வளவு நல்லா வறுத்தாலும் ருசி வராது.

உங்க மாமியாருக்கு இந்த ருசி பாதி பழக்கமானதுதான். ஊர்ல காபித்தூள் கடையில 80க்கு 20, 70க்கு 30ன்னு சொல்லி அரைச்சு வாங்குவோமே, அந்த சிக்கரியும் டேன்டிலயனும் ஒரே குடும்பத்துச் செடிங்க, ரொம்ப கிட்டத்து சொந்தம், சிக்கரி வேர்லயும் இதே இனுலின்தான் நிறைய இருக்கு. டிகாக்‌ஷன்ல அந்த கறுப்பும் நாக்குல நிக்கிற கெட்டியும் பாதிக்கு மேல சிக்கரியோட வேலை, அது டேன்டிலயன்லயும் கிடைக்கும். காபிக்கொட்டையோட மணம் மட்டும் வராது, அதை முன்னாடியே அவங்ககிட்ட சொல்லிட்டு டம்ளரை நீட்டுங்க, காபின்னு சொல்லிக் குடுத்தா ஒரு வாய்லயே கண்டுபிடிச்சு வேண்டாம்னு வச்சிடுவாங்க. காஃபின் இதுல துளிகூட கிடையாது.

இங்க கனடாவுல இது ரொம்பப் பழைய பழக்கம். 1830கள்ல பீட்டர்பரோ பக்கம் காட்டுல குடியேறின சுசானா மூடிங்கிற ஆங்கிலேயப் பெண்மணி, உருளைக்கிழங்கு தோண்டுற நேரத்துல கூடவே வந்த டேன்டிலயன் வேரை வறுத்து காபி போட்டு, கடையில வாங்குற காபியைவிட இது எவ்வளவோ மேல்னு எழுதி வச்சிருக்காங்க. அவங்க சொன்ன ரெண்டு விஷயம் இன்னிக்கும் அப்படியே சரி, ஒண்ணு உருளைக்கிழங்கு அறுவடை சமயம்தான் வேர் எடுக்க ஏத்த நேரம், இன்னொண்ணு வேரை நல்லா கழுவணும் ஆனா மேல இருக்கிற பழுப்புத் தோலை சீவக்கூடாது, வாசனை அதுலதான் இருக்கு.

சமைக்கறதுக்கு முன்னாடி இடத்தைப் பாருங்க. நம்ம ஒன்டாரியோ மாகாணத்துல 2009 ஏப்ரல்ல இருந்து அழகுக்காக லான்ல ரசாயன களைக்கொல்லி அடிக்கத் தடை இருக்கு, அது நமக்கு நல்லது, ஆனா இரும்பு கலந்த சில ஸ்ப்ரே இன்னும் அனுமதியிலதான் இருக்கு, லான் கம்பெனிக்காரங்க வந்து அடிச்சிருந்தா என்ன அடிச்சாங்கன்னு கேட்டுட்டு அந்தப் பக்கத்தை இந்த வருஷம் விட்டுடுங்க. மத்த மாகாணத்துல இருந்து படிக்கிறவங்க உங்க ஊர் சட்டத்தைப் பார்த்துக்கோங்க, எல்லா இடத்துலயும் இந்தத் தடை இல்ல. ரோட்டோரம், ரயில் பாதை ஓரம், நாய் நடத்துற பார்க் எதுலயும் பறிக்க வேண்டாம். பழைய வீடா இருந்தா சுவரை ஒட்டின மண்ணுல உதிர்ந்த பெயிண்டோட ஈயம் கலந்திருக்கலாம், அந்த மண்ணுல எடுத்த வேரை எவ்வளவு தேய்ச்சாலும் போதாது, அங்க தோண்டவே தோண்டாதீங்க.

அடையாளம்: ஒரு காம்புக்கு ஒரே பூ, காம்பு கிளை விடாது, இலை இருக்காது, உள்ள குழாயா வெத்தா இருக்கும், ஒடிச்சா வெள்ளைப் பால் வரும் (துணியில பட்டா பழுப்புக் கறையாயிடும், பழைய நைட்டி போட்டுக்கோங்க). இலை எல்லாம் தரையோட தரையா வட்டமா இருக்கும், ரோமம் இருக்காது, ஓரத்துல பல்லு நடுவைப் பார்த்து திரும்பியிருக்கும். இலையில சொரசொரன்னு ரோமம் இருந்து காம்பு கிளை விட்டா அது வேற செடி. முக்கியமா கோல்ட்ஸ்ஃபுட்னு ஒண்ணு ஏப்ரல்லயே இலை வர்றதுக்கு முன்னாடி மஞ்சளா பூக்கும், காம்புல செதில் செதிலா இருக்கும், அதுல கல்லீரலைக் கெடுக்கிற பொருள் இருக்கு, அதைத் தொட வேண்டாம்.

இப்ப இலை. பூ வர்றதுக்கு முன்னாடி பறிக்கிறதுதான் இளசு, உங்களுக்கு இப்ப பூ வந்துடுச்சு, அதனால நிழல்ல இருக்கிற செடியோட நடு இலையா பாருங்க, இல்லன்னா நல்ல செடி நாலஞ்சு மேல பழைய பூந்தொட்டியைக் கவுத்து வச்சு ஓட்டையையும் அடைச்சிடுங்க, ஒரு வாரத்துல வெளுத்து மிருதுவா கசப்பு குறைஞ்சு வரும். கீரையை உப்பு போட்ட கொதிக்கிற தண்ணியில ஒண்ணு ரெண்டு நிமிஷம் போட்டு எடுத்து, பச்சைத் தண்ணியில அலசி, நல்லா பிழிஞ்சு பொடியா நறுக்குங்க, கசப்புல பெரும்பாகம் அந்தத் தண்ணியோட போயிடும். அப்புறம் வேகவச்ச துவரம்பருப்பு, தேங்காய் சீரகம் பச்சை மிளகாய் அரைச்ச விழுது சேர்த்துக் கூட்டு, தாளிக்கும்போது கொஞ்சம் தாராளமா எண்ணெய், கடைசியில ஒரு சின்ன கட்டி வெல்லம். உப்பும் கொழுப்பும் தேங்காயும் கசப்பை அமுக்கிடும். அகத்திக்கீரை சாப்பிட்டுப் பழகின வீட்டுல இது சுலபமா போகும், பருப்பு உசிலிக்கும் ரொம்ப நல்லா இருக்கும். சூப்பர்மார்க்கெட்ல டேன்டிலயன்னு எழுதி கட்டு கட்டா விக்கிற நீள இலை பல சமயம் இத்தாலியச் சிக்கரி வகைதான், லான் இல்லாதவங்க அதையே இதே மாதிரி சமைக்கலாம்.

ஆனா கூட்டு வைக்கிறதுக்கு முன்னாடி மாமியாரோட மருந்துப் பட்டியலை எடுத்துப் பாருங்க. படபடப்புக்கு சிலருக்கு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் குடுப்பாங்க, டேன்டிலயன் இலை 100 கிராம்ல கிட்டத்தட்ட 780 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கு, ஒருநாள் நிறைய ஒருநாள் ஒண்ணுமில்லன்னு சாப்பிட்டா அந்த மருந்தோட கணக்கே தப்பிடும். வார்ஃபரின் சாப்பிடுறாங்கன்னா இலையைத் தவிர்த்துடுங்க, இல்ல டாக்டரைக் கேட்டுட்டு செய்யுங்க. வேர்க் காபிக்கும் சில விஷயம் இருக்கு. பித்தப்பையில கல், பித்தக்குழாய்ல அடைப்பு, சிறுநீரகக் கோளாறு இருக்கிறவங்க, நீர் மாத்திரையோ மனநலத்துக்குக் குடுக்கிற லித்தியமோ சாப்பிடுறவங்க எல்லாரும் டாக்டர்கிட்டயோ ஃபார்மசிஸ்ட்கிட்டயோ கேட்காம ஆரம்பிக்க வேண்டாம். ஆகஸ்ட், செப்டம்பர்ல ராக்வீட்ங்கிற களையோட மகரந்த அலர்ஜியில தும்முறவங்களுக்கு இதுவும் ஒத்துக்காம போகலாம், ரெண்டும் ஒரே குடும்பம். இது மருந்து கிடையாது, கல்லீரலை சுத்தம் பண்ணும் சர்க்கரையைக் குறைக்கும்னு வர்ற வீடியோவை நம்பி மாத்திரையை நிறுத்திடாதீங்க.

பூ பஜ்ஜி சீக்கிரம் ஆயிடும். வெயில் வந்து பூ முழுசா விரிஞ்சப்புறம் பறிங்க, மேகம் போட்டாலும் சாயங்காலம் ஆனாலும் மூடிக்கும். அடியில இருக்கிற பச்சைக் கிண்ணம் கசக்கும், முடிஞ்ச வரைக்கும் கிள்ளிட்டு, கடலைமாவு அரிசிமாவுல முக்கி மொறுமொறுன்னு பொரிங்க.

சரி, அக்டோபர் வந்துடுச்சுன்னு வச்சுக்குவோம். மழை பெய்ஞ்ச மறுநாள் தோண்டுங்க, மண்ணு விட்டுக் குடுக்கும். லான்ல இறுகின களிமண்ணுல இருக்கிற வேர் கோணல்மாணலா கிளைச்சு மெலிசா வரும், காய்கறிப் பாத்தியில தக்காளி கத்திரி எல்லாம் முடிஞ்ச இடத்துல வளர்ந்த டேன்டிலயன்தான் விரல் தடிமனுக்கு நேரா இறங்கியிருக்கும், முதல்ல அங்க போங்க. ரெண்டு மூணு தடவை உறைபனி விழுந்தப்புறம் எடுத்தா இன்னும் கொஞ்சம் இனிப்பு கூடும், நிலம் இறுகுறதுக்குள்ள முடிச்சிடணும். ஒரு கிலோ பச்சை வேர் காய்ஞ்சு வறுபட்டதும் கால் கிலோகூட தேறாது, அதனால ஒரு வாளி நிறைய இல்லாம அடுப்பைப் பத்த வைக்கிறதுல அர்த்தம் இல்ல.

வேரை ஒரு மணி நேரம் தண்ணியில ஊறப்போட்டு பிரஷ்ஷால தேய்ச்சு, தண்ணி தெளியுற வரைக்கும் அலசுங்க. பட்டாணி அளவுக்கு ஒரே சீரா நறுக்கணும், சின்னதும் பெருசுமா இருந்தா சின்னது கருகும்போது பெருசு உள்ள பச்சையா இருக்கும். அடுத்தது காய வைக்கிறது, இங்க அவசரப்படக்கூடாது. ஓவன் அடுப்பை இருக்கிறதுலயே கம்மி சூட்டுல, 170 டிகிரி ஃபாரன்ஹீட் மாதிரி வச்சு, கதவை லேசா திறந்து விட்டு, துண்டு வளையாம டக்குன்னு ஒடியுற வரைக்கும் சில மணி நேரம் விடுங்க. ஈரம் இருக்கும்போதே சூட்டைக் கூட்டினா வேர் வெந்துடும், வறுபடாது. காய்ஞ்சப்புறம் 350 டிகிரிக்கு ஏத்தி ஏழெட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளறி விடுங்க. முதல்ல மண் வாசனை வரும், அப்புறம் வெல்லப்பாகு காயுற மாதிரி ஒரு வாசனை, அது கோகோ வாசனையா மாறும்போது அடுப்புகிட்டயே நிக்கணும், ஏன்னா அதுல இருந்து கருகுறதுக்கு ரெண்டு மூணு நிமிஷம்தான். மொத்தம் அரை மணி நேரத்துக்கு கொஞ்சம் முன்ன பின்ன ஆகும், கடிகாரத்தை நம்பாம ஒரு துண்டை ஒடிச்சு உள்பக்கம் பாருங்க, நடு வரைக்கும் ஒரே பழுப்பா இருந்தா எடுத்துடுங்க. தட்டுல பரப்பி ஆற விடணும், சூடான ட்ரேலயே விட்டா மேல மேல கருகிட்டே போகும்.

ஆறினதும் துண்டாவே காத்துப் புகாத பாட்டில்ல போட்டு வைங்க, அரைக்கிறது வாரத்துக்கு ஆகுற அளவு மட்டும். தூள் ஈரத்தை இழுத்து ரெண்டு நாள்ல கல்லு மாதிரி கட்டிப் போயிடும், சிக்கரிப் பொட்டலத்தைத் திறந்து வச்சுப் பார்த்தவங்களுக்கு இது தெரியும்.

பித்தளை ஃபில்டர்லயே போடலாம், ஆனா ரவை பதத்துக்கு அரைக்கணும், நைசா போட்டா ஊறி ஓட்டையெல்லாம் அடைச்சு டிகாக்‌ஷன் இறங்காது. என்னைக் கேட்டா கொதிக்க வைக்கிறதுதான் மேல், ஒரு டம்ளர் தண்ணிக்கு குமிச்சு ரெண்டு டீஸ்பூன், சின்ன தீயில ஆறேழு நிமிஷம், துணியில வடிகட்டி காய்ச்சின பாலும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்து நல்லா நுரைக்க ஆத்துங்க. தனி டேன்டிலயன் கொஞ்சம் மண்ணடிக்கும், ரெண்டு பங்குக்கு ஒரு பங்கு சிக்கரி சேர்த்தா சரியா அமையும். டாக்டர் டீகாஃபுக்கு, அதாவது காஃபின் எடுத்த காபிக்கு, சரின்னு சொன்னா அதுல ஒரு ஸ்பூன் கலந்தா விட்டுப்போன மணமும் வந்துடும், டீகாஃப்லயும் சில மில்லிகிராம் காஃபின் இருக்குங்கிறதால கேட்டுட்டே சேருங்க.

அளவு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர், அதிகம் போனா ரெண்டு. வேரை வறுக்கும்போது அக்ரிலமைடுங்கிற வேண்டாத பொருளும் உண்டாகுது, ஐரோப்பிய யூனியன் 2017ல கொண்டுவந்த விதியில வறுத்த காபிக்கு கிலோவுக்கு 400 மைக்ரோகிராம், சிக்கரி மட்டும் உள்ள தூளுக்கு 4000னு அளவுகோல் வச்சிருக்காங்க, வறுத்த வேர்ல அது எவ்வளவு கூடுதல்னு இதுலயே தெரியுது. வயித்துலயும் இனுலின் வாயுவை உண்டாக்கும், முதல் வாரம் அரை டம்ளர்ல ஆரம்பிங்க.

அக்டோபர் வரைக்கும் மாமியார் என்ன குடிப்பாங்கன்னா, சிக்கரித் தூள் தனியா கிடைக்கும், அதையே மேல சொன்ன மாதிரி கொதிக்க வச்சு பால் ஊத்திக் குடுங்க, சாயங்காலத்துக்கு சுக்கு மல்லி காபி கருப்பட்டி போட்டு. இன்ஸ்டன்ட் டேன்டிலயன் பொடி வாங்குறதா இருந்தா லேபிளைப் படிங்க, பார்லியும் ரைங்கிற தானியமும் கலந்தது நிறைய. டாக்டர் அவசரமா நிறுத்தச் சொல்லலன்னா காபியை ஒரே நாள்ல நிறுத்தாம ஒரு வாரம் பத்து நாள்ல படிப்படியா குறைங்க, இல்லன்னா தலைவலியில படுத்துடுவாங்க, அந்தப் பழி சிக்கரி மேல விழும். அப்புறம் இந்த வாரமே ஒரு வேலை பண்ணுங்க, பூ இருக்கும்போதே காய்கறிப் பாத்தி ஓரத்துல நல்லா படர்ந்த பெரிய செடியா பார்த்து பக்கத்துல ஒரு குச்சி நட்டு வைங்க, அக்டோபர்ல பூ இருக்காது, புல்லுக்குள்ள எது பெரிய செடின்னு தேடிக் கண்டுபிடிக்கிறது கஷ்டம்.