பிஷ்: தோற்றம் தெரியவில்லை

அன்புள்ள ஐயா,

பழைய பிரிட்டிஷ் நாவல் ஒன்றில், விடுதிப் பள்ளிக்கூடப் பையன் தான் செய்த அசட்டுத் தவறை ‘பிஷ்’ என்கிறான். அகராதியில் ‘தவறு; பிரிட்டிஷ் கொச்சை; தோற்றம் தெரியவில்லை’ என்று மட்டும் இருக்கிறது. ‘பிஷப்’பிலிருந்து வந்தது என்று ஒரு காணொளியில் அடித்துச் சொல்கிறார்கள். நம் ‘விஷ’மாகவும் இருக்கலாமோ? தமிழில் இதை எப்படி மொழிபெயர்ப்பது? இவ்வளவு பெரிய அகராதிக்காரர்கள் தெரியவில்லை என்று கைவிரிப்பது சோம்பல் இல்லையா?

ம.

அன்புள்ள ம.,

கதையின் வேகத்தில் தாண்டிப் போயிருக்கக்கூடிய சின்னச் சொல்லில் நின்று அகராதியைப் புரட்டியிருக்கிறீர்கள். இந்தக் குணத்தை விட்டுவிடாதீர்கள். தமிழில் ‘சொதப்பல்’ என்றே போடுங்கள். பையன் வாயில் இயல்பாக வரும். இமயமலைப் பகுதியில் விளையும் வசநாபி என்ற நச்சுச் செடியின் வேருக்கு ‘பிஷ்’ என்ற பெயர் இந்தி வழியாக ஆங்கிலத்துக்குப் போனது உண்மை, அது நம் விஷம்தான். ஆனால் அது வேறு சொல்.

‘சோம்பல்’ என்றீர்களே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆதாரம் ஒன்றுகூடக் காட்டாமல் அளந்தவரிடம் காது கொடுக்கிறீர்கள். தேடிக் கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்று எழுதியவரைச் சோம்பேறி என்கிறீர்கள். என்ன நியாயம் இது?

ஆக்ஸ்போர்டு அகராதிக்காக ஜேம்ஸ் முர்ரே 1879இல் வாசகர்களிடம் உதவி கேட்டபோது சொன்ன முறைதான் இன்றும் அடிப்படை. ஒரு துண்டுத்தாள். இடப்பக்க மேல்மூலையில் சொல். பிறகு ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். கீழே அந்த வாக்கியம் முழுதாக. ஆண்டு இல்லாவிட்டால் எது முந்தியது என்று சொல்ல முடியாது. வாக்கியம் இல்லாவிட்டால் எந்தப் பொருளில் வந்தது என்றே தெரியாது.

கணினியில் தேடினால் ஆயிற்று என்பீர்கள். தேடிப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து லண்டன் செய்தித்தாள்களில் ‘பிஷ்’ கொட்டிக் கிடக்கும். எல்லாம் தாமஸ் பிஷ் என்ற லாட்டரி வியாபாரியின் விளம்பரங்கள். 1826இல் அரசு லாட்டரி நிற்கும்வரை அவர் ஓயவில்லை. அவரைக் கழித்தால், வரி முடிவில் உடைந்த ‘பிஷப்’பின் முன்பாதி சிக்கும். ‘ரப்பிஷ்’ உடைந்தால் பின்பாதி சிக்கும். திருச்சபைப் பட்டியல்களில் பிஷப்பின் சுருக்கமாகப் புள்ளி வைத்து நிற்கும். பக்கத்தின் படத்தைத் திறந்து, வாக்கியத்தைப் படித்து, ஒவ்வொன்றாகத் தள்ள வேண்டும். பத்திரிகைகளில் இன்னொரு கண்ணி உண்டு: சில நூலகப் பதிவுகள் எல்லாத் தொகுதிகளுக்கும் முதல் இதழின் ஆண்டையே காட்டும். 1950இன் வாக்கியம் 1890 என்று வந்து நிற்கும்; அவசரக்காரர் அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதிவிடுவார்.

அந்தக் காணொளிக்காரர் உண்மையிலேயே தேடியிருந்தால் நல்ல துப்பு ஒன்று கிடைத்திருக்கும். கஞ்சி அடிபிடித்தால் ‘பிஷப் பானைக்குள் காலை விட்டுவிட்டார்’ என்பது இங்கிலாந்தின் பழைய வழக்கு. 1528இலேயே, பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் அதைப் பதிந்திருக்கிறார். தங்களுக்கு ஆகாதவர்களை பிஷப்புகள் எரிப்பதால் வந்த பேச்சு என்கிறார். வட இங்கிலாந்தில் அடிபிடித்த பாலுக்கு 19ஆம் நூற்றாண்டிலும் பிஷப்பைத்தான் இழுத்தார்கள். கெட்டுப்போன காரியம், அதில் பிஷப்: பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் ஏற்க முடியாது. அடுக்களைப் பேச்சு 20ஆம் நூற்றாண்டுப் பள்ளிக்கூடத்துக்கு எப்படி வந்தது? பிஷப் எங்கே ‘பிஷ்’ என்று சுருங்கினார்? பால் போய்த் தவறு வந்தது எங்கே? இவற்றைக் காட்டும் வாக்கியம் ஒன்றாவது வேண்டும்.

‘ப்ளூமர்’ என்பதும் அசட்டுத் தவறுதான். தொளதொள காற்சட்டைக்குத் தன் பெயரைத் தந்த அமெலியா ப்ளூமரோடு அதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஆனால் 1889இல் பாரேர், லேலண்ட் இருவரும் தொகுத்த கொச்சை அகராதி, அது ஆஸ்திரேலியச் சிறைப் பேச்சு, ‘ப்ளூமிங் எரர்’ (படு தவறு) என்பதன் சுருக்கம் என்று எழுதிவைத்திருக்கிறது. சொல் புழங்கிய காலத்திலேயே புழங்கிய இடத்தையும் குறித்த சாட்சி. பையன்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட ‘பிஷ்’ஷுக்கு அப்படி ஒரு சாட்சி அமையவில்லை.

உங்கள் நாவலை எடுங்கள். தலைப்புப் பக்கத்தின் பின்புறம் முதல் பதிப்பு ஆண்டும் மறுபதிப்பு ஆண்டும் இருக்கும், இரண்டையும் குறியுங்கள். மறுபதிப்பில் சொற்களை மாற்றுவது உண்டு, அதனால் கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு கட்டாயம் வேண்டும். வாக்கியத்தை முன்னும் பின்னும் ஒரு வரியோடு, நிறுத்தக்குறி மாறாமல் எழுதிக்கொள்ளுங்கள். ஜொனாதன் கிரீனின் கொச்சை அகராதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலுள்ள மேற்கோள்களின் ஆண்டோடு ஒப்பிடுங்கள். உங்களுடையது முந்தியது என்றால் எனக்கு அனுப்ப வேண்டாம், ஆக்ஸ்போர்டுக்கு அனுப்புங்கள். வாசகர்கள் அனுப்புவதை அவர்கள் இன்றும் வாங்கிப் பார்க்கிறார்கள்.