சொற்களின் பொருளைக் கூட்டினால் வாக்கியத்தின் பொருள் வந்துவிடுமா?

கேள்வி: ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியில் பொருள் இருக்கிறது. அவற்றைச் சேர்த்தால் வாக்கியத்தின் பொருள் கிடைத்துவிட வேண்டியதுதானே? மொழியியல்காரர்கள் இதற்குமேல் என்ன தேடுகிறார்கள்?

எங்கள் அலுவலகத்தில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி இருக்கிறான். மதுரைக்கு வந்து ஆறேழு மாதம், தமிழ் ஓரளவு பிடிபட்ட சமயம். ஒருநாள் சாயங்காலம் பையை மாட்டிக்கொண்டு, "சரி தம்பி, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். மறுநாள் காலையில் பார்த்தால் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறான். "வர்றேன்னு சொன்னீங்களே அண்ணே, எட்டு மணி வரைக்கும் உக்காந்திருந்தேன்." அவனுக்கு 'நான்' தெரியும், 'வா' தெரியும், 'ஏன்' விகுதி யாரைக் குறிக்கும் என்பதும் தெரியும். நீங்கள் சொல்கிற கூட்டல் கணக்கைத்தான் அவனும் போட்டான்.

கிளம்பும்போது 'போறேன்' என்றால் நம் வீடுகளில் திட்டு விழும். 'போயிட்டு வர்றேன்' என்பதில் முதல் பாதி தேய்ந்து, வால் மட்டும் மிஞ்சியது. செத்தாரைத் துஞ்சினார் என்று சொல்வதை, அதாவது கெட்டதை நல்ல சொல்லால் சொல்வதை, நன்னூல் 'மங்கலம்' என்ற தலைப்பில் வைக்கிறது. நம் 'வர்றேன்'னும் அந்தச் சாதிதான்.

தொல்காப்பியர் "எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே" என்று அடித்துச் சொல்கிறார். ஆனால் இரண்டு நூற்பா தள்ளி, பொருள் வெளிப்படையாகவும் தெரியும், குறிப்பாலும் தோன்றும் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார். பால் கிரைஸ் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1967இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் இந்தக் 'குறிப்பு' எப்படி வேலை செய்கிறது என்பதை விரித்தார். கேட்கிற கேள்விக்குப் பொருத்தமாகத்தான் எதிராளி பேசுவான் என்று நம்பிக்கொண்டே கேட்கிறோம். சொல்லாததை அந்த நம்பிக்கை நிரப்பிவிடுகிறது. "பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு இனிமே டவுன் பஸ் இருக்கா?" "மணி பதினொண்ணரை ஆச்சு தம்பி." பதிலில் பஸ்ஸும் இல்லை, இல்லை என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் ஆட்டோவைத் தேடத் தொடங்கிவிடுவோம்.

இது எல்லா மொழிக்கும் பொது. தமிழில் எனக்கு அதைவிடச் சுவையாகப் படுவது, சொல்லின் வாலில் ஒட்டுகிற துக்கடாக்கள். உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. போய் வந்த அம்மாவிடம் யார் யார் வந்தார்கள் என்று கேட்கிறேன். "பெரியப்பா வந்தாரு" என்றால் அது வெறும் தகவல். "பெரியப்பாவும் வந்தாரு" என்றால் கூட்டத்தோடு ஒருவர். "பெரியப்பாவே வந்துட்டாரு" என்றால் பழைய சண்டை ஏதோ தீர்ந்திருக்கிறது. "பெரியப்பாதான் வந்தாரு" என்றால் பெரியம்மா வரவில்லை, மொய் நோட்டில் வேறு கதை ஓடியிருக்கிறது. "பெரியப்பாவாவது வந்தாரே" என்றால் மற்றவர்கள் எல்லாரும் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார்கள். அஞ்சு வாக்கியத்திலும் நடந்தது ஒன்றுதான்: பெரியப்பா வந்தார். உம், ஏ, தான் எல்லாம் தனியாக நின்று எதையும் சுட்டாதவை. அகராதிப் பொருளை மட்டும் நம்பினால் ஏமாந்துதான் போவீர்கள். ஆனால் ஒரு குடும்பத்தின் வரலாறு முழுக்க அதில்தான் தொங்குகிறது. தொல்காப்பியம் இவற்றுக்கு இடையியல் என்று ஒரு தனி இயலே ஒதுக்கி, உம்முக்கு மட்டும் எச்சம், சிறப்பு, ஐயம் என்று தொடங்கி எட்டுப் பொருள் சொல்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் பண்ண வைத்தார்களே தவிர, அம்மா பேசுவதுதான் இது என்று ஒருவரும் சொல்லவில்லை.

பெயர்ச்சொற்களின் கதை இதற்கு நேர் எதிர். உள்ளே பொருள் இருக்கும், வேலை செய்யாது. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே உள்ள புதுமண்டபம் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது, இன்னும் 'புது'தான். சித்திரைத் திருவிழாத் தேர் ஓடுவது சித்திரை வீதியில் இல்லை, மாசி வீதிகளில். யாராவது குழம்புகிறோமா? ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1843இலேயே இதைக் கவனித்திருக்கிறார். இங்கிலாந்தில் டார்ட் ஆற்றின் முகத்துவாரத்தில் இருப்பதால் டார்ட்மவுத் என்று பெயர் பெற்ற ஊர், ஆறு திசை மாறினாலும் அதே பெயரில்தான் இருக்கும் என்றார். நம் இலக்கணத்தில் சொன்னால், காரணப்பெயராகப் பிறந்து இடுகுறி மாதிரி வாழ்கிற பெயர்கள்.

வேற்றுமை உருபு பற்றி ஒரு வரி போதும். 'நாய் பூனையைக் கடித்தது' என்பதை எப்படி மாற்றிப் போட்டாலும் கடிபட்டது பூனைதான். அந்த 'ஐ' அவ்வளவு விசுவாசம். ஆங்கிலத்தில் இடத்தை மாற்றினால் கடித்ததே மாறிப்போகும்.

அப்புறம் அந்தத் தம்பி. இப்போது நன்றாகத் தேறிவிட்டான். போன வாரம் டீக்கடையில் நான் கிளாஸை வைத்துவிட்டு "வர்றேன்" என்றேன். அவனும் எழுந்து "நானும் வர்றேன் அண்ணே" என்றான். கூட வருகிறான்போல என்று வண்டியை ஸ்டார்ட் பண்ணி, பின் சீட்டைத் துடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். ஆள் எதிர்ப்பக்கம் ரோட்டைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறான்.