பின்மூடியில் இருக்கிறது பிறந்த தேதி

கடிகாரக் கேள்விகள்: செங்கோட்டை வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருவர் பதிலளிக்கிறார்

கேள்வி: அண்ணாச்சி, என் அப்பா சவூதியில் வேலை பார்த்தவர். 1983-ல் அக்காவுக்குக் காது குத்த லீவில் வந்தபோது கட்டியிருந்த செய்கோ 5 இப்போது என்னிடம் இருக்கிறது. நீல டயல். பழைய வாட்ச் வாங்குகிற ஒருவர் இது 1972-ல் வந்தது என்கிறார். இன்னொருவர் பம்பாய் டூப்ளிகேட் என்கிறார். இது என்ன மாடல், எந்த வருடத்தது? முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன்.
வாசகி, கடையநல்லூர்

பதில்: தங்கச்சி, பின்மூடியையும் படம் எடுத்தீர்கள் பாருங்கள், அதற்கே நன்றி சொல்ல வேண்டும். எல்லோரும் டயலை மட்டும் அனுப்பிவிட்டு மாடல் கேட்கிறார்கள். டயலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம், பெயின்ட் அடிக்கலாம். பின்மூடியில் வெட்டிய எண்ணை அப்படி மாற்றுவது லேசல்ல.

உங்கள் மூடியில் 7009-876ஏ என்று இருக்கிறது. இதுதான் மாடல். முன்னால் உள்ள 7009 உள்ளே ஓடுகிற மிஷினின் எண். கோட்டுக்கு அடுத்தது கேஸின், அதாவது வெளிக்கூட்டின் எண். செய்கோ 5 என்பது 1963-லிருந்து வருகிற ஒரு குடும்பப் பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயரில் எத்தனையோ மிஷின், எத்தனையோ கேஸ். இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துச் சொன்னால்தான் கடைக்காரருக்கு உதிரி பாகம் தேட முடியும்.

மூடியில் தனியாக ஆறு இலக்கம் தெரிகிறது. முதலில் 2, அடுத்து டி என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் 4518. செய்கோவில் அந்தக் காலத்தில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி எண். இரண்டாவது மாதம். ஜனவரி முதல் செப்டம்பர் வரை 1 முதல் 9. அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு அந்தந்த மாதப் பெயரின் முதல் எழுத்து. ஆக, உங்களுடையது 2-ல் முடிகிற ஒரு வருடத்தின் டிசம்பர்.

1972, 1982, 1992 மூன்றுமே 2-ல் முடிகின்றன. எது என்பதை எண் மட்டும் சொல்லாது, மிஷினையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1972-ல் 7009 மிஷினே கிடையாது. அது எழுபதுகளின் பிற்பாதியில் வந்தது. அதனால் முதல் ஆள் சொன்னது தவறு. 1992 என்றால் காதுகுத்துக்கு அப்பா கட்டி வந்திருக்க முடியாது. மிச்சம் 1982 டிசம்பர். ஆலையில் தயாராகி, சவூதிக் கடைக்குப் போய், அப்பா சம்பளத்தில் வாங்கி, அடுத்த வருடமே ஊருக்கு வந்துவிட்டது. காதுகுத்து எப்போது என்று எழுதியிருந்தீர்களே, அந்த ஒரு வரி இல்லையென்றால் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

இன்னொரு சாட்சியும் வாட்சுக்குள்ளேயே இருக்கும். குமிழை ஒரு கிளிக் வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் திருப்பினால் தேதி ஓடும், மறுபக்கம் திருப்பினால் கிழமை. ஆங்கிலக் கிழமைகளுக்கு நடுவே அரபி எழுத்து வந்தால், அது வளைகுடா நாடுகளுக்கென்று செய்து அனுப்பியது. எங்கள் பக்கம் இப்படி நிறைய வரும். திருவனந்தபுரத்தில் இறங்கி ஆரியங்காவு வழியாக மலையேறி வந்த கைகளில் பாதி கை செய்கோதான். புனலூர்க்காரர்கள் கடைக்கு வந்து "சேட்டா, வாச்சு நின்னு போயி" என்று நீட்டினால், மூடியைத் திறக்கும் முன் நான் கிழமையைத்தான் திருப்பிப் பார்ப்பேன். ஒன்று, முள் ராத்திரி ஒன்பதுக்கும் மூன்று மணிக்கும் இடையில் இருக்கும்போது திருப்பாதீர்கள். அப்போது தேதி மாற்றும் பல்சக்கரம் கடித்துக்கொண்டிருக்கும், உடைந்துவிடும். முள்ளை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் திருப்புங்கள்.

சரி, டூப்ளிகேட் என்றவர்? அவர் சொன்னதில் பாதி சரி. ஆறு மணிக்குக் கீழே, டயலின் ஓரத்தில் கண்ணுக்குச் சிக்காத சிறு எழுத்தில் 7009 என்ற எண்ணோடு ஒரு வரி இருக்க வேண்டும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அந்த இடம் வெறும் நீலமாக இருக்கிறது. ஐந்து மணியைக் காட்டும் கட்டையும் அதன் நிமிடக் கோடும் நேராக இல்லை, ஒரு முடி அளவு விலகியிருக்கிறது. டயல் பிற்காலத்தில் பெயின்ட் அடித்தது. பழையது வெளுத்தோ தண்ணீர் ஏறியோ போயிருக்கும், அப்பாவே கொடுத்து அடித்திருக்கலாம். பழைய டயல் தேடி அலையாதீர்கள். கேஸும் பின்மூடியும் அவர் வாங்கியவைதான். மிஷினையும் உறுதி செய்ய வேண்டுமென்றால், சர்வீஸுக்குத் திறக்கும்போது பேலன்ஸ், அதாவது முன்னும் பின்னும் ஆடும் சக்கரத்தின் பக்கத்தில் 7009ஏ என்று வெட்டியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். சக்கர ஊசிகள் தேயாமலிருக்க 17 கல் பதித்த மிஷின் அது.

ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன், பின்மூடியைப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். தொழில் கற்றுத்தந்த மாமா எனக்குக் கட்டிவிட்ட வாட்சை, வேலை அதிகமாக இருந்த ஒரு வாரத்தில், பெரிய ஊர்க் கடை ஒன்றில் பளபளப்பாக்கக் கொடுத்தேன். கண்ணாடி மாதிரி திரும்பி வந்தது. மூடியில் ஒரு எண் மிச்சமில்லை. மாமா அதை எந்த வருடம் வாங்கினார் என்று கேட்க இன்று ஆளும் இல்லை, எண்ணும் இல்லை. எண் மங்கியிருந்தால் முகப்பவுடரைத் தடவி விரலால் துடையுங்கள், வெட்டின பள்ளத்தில் பவுடர் தங்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் படிக்கலாம்.

கேள்வி: தாத்தாவின் எச்.எம்.டி. வாட்ச். கறுப்பு டயல், பெரிய வெள்ளை எண்கள், விநாடி முள் நடுவில். பெயர் அழிந்துவிட்டது. 'பாராஷாக், 17 ஜுவல்ஸ்' மட்டும் தெரிகிறது. பாராஷாக்தான் மாடலா?
வாசகர், தென்மலை

பதில்: இல்லை தம்பி. பாராஷாக் என்பது கீழே விழுந்தால் பேலன்ஸின் ஊசிமுனை முறியாமல் காக்கும் சின்ன ஸ்பிரிங் அமைப்பு. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியுடைய பெயர். 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் ஆலை தொடங்கியதே சிட்டிசனோடு கூட்டு வைத்துத்தான், அதனால் அந்தச் சொல்லும் டயலில் ஏறிவிட்டது. சுவிஸ் வாட்சில் இன்காப்லாக் என்று எழுதியிருப்பதும் இதே கதைதான். அதையும் பலர் மாடல் என்றே நினைக்கிறார்கள். நீங்கள் சொல்லும் அடையாளத்துக்குப் பைலட் என்ற மாடல் என்பேன். ஆனால் எச்.எம்.டி.யின் இன்னொரு மாடலான ஜனதாவின் டயலுக்கே கறுப்பு அடித்து விற்றவர்களும் உண்டு. எழுத்து அழிந்த இடத்தை ஈரத்துணியால் தேய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், லென்ஸில் பார்த்துச் சொல்கிறேன்.

கேள்வி: இருபது வருடமாகப் பெட்டியில் கிடந்த வாட்ச். சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கலாமா?
வாசகி, புளியறை

பதில்: வேண்டாம் அம்மா. உள்ளே ஆயில் காய்ந்து பிசினாகியிருக்கும். அதோடு ஓடினால் சக்கரத்தின் ஊசியைத் தேய்த்துவிடும். முதலில் கழுவி ஆயில் போட வேண்டும். வரும்போது பெட்டியில் பழைய பில்லோ வாரண்டி அட்டையோ கிடந்தால் அதையும் எடுத்து வாருங்கள்.