பையைத் தோளில் மாட்டி ஜெர்மனி: கேள்வி பதில்

மியூனிக்கில் வசிக்கிறேன். முதுகுப் பையோடு வருகிற சிறு குழுக்களுடன் ஜெர்மனி முழுவதும் போய் வருவது என் வழக்கம். ரயில், விடுதி, நினைவிடங்கள், திருவிழாக்கள் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். வேலை, படிப்பு பற்றிய கேள்விகளை விட்டுவிடுகிறேன்.

திருச்சி மாணவர்: நண்பர்கள் நான்கு பேர் வருகிறோம். ரயிலுக்கு எந்த டிக்கெட் மலிவு?

எத்தனை நாள், எத்தனை மாநிலம் என்பதைப் பொறுத்தது, தம்பி. இரண்டு மூன்று வாரம் நாடு முழுவதும் சுற்றப் போகிறீர்கள் என்றால் ஆளுக்கு ஒரு ஜெர்மனி மாதச் சீட்டு. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது. 2025இல் 58 ஆனது. 2026 ஜனவரியிலிருந்து 63. நகர பஸ், டிராம், சுரங்க ரயில், வட்டார ரயில் எல்லாவற்றுக்கும் அது போதும். ஐசிஇ போன்ற அதிவேக ரயில்களில் மட்டும் செல்லாது. அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் சந்தா. அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். 10ஆம் தேதிக்குள் வாங்கி அன்றைக்கே ரத்து செய்துவிடுங்கள், அந்த மாதக் கடைசி வரை சீட்டு செல்லும்.

மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குள் ஓரிரு நாள்தான் என்றால் பவேரியா நாள் சீட்டு எடுங்கள். ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம். ஆள் கூடக் கூட ஒவ்வொருவர் பங்கும் குறையும். வார நாட்களில் காலை 9 மணிக்கு மேல்தான் செல்லும். எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் வரைகூட அதிலேயே போய்விடலாம். பயணிகளின் பெயர்களைச் சீட்டில் எழுத மறக்காதீர்கள்.

இன்னொன்று. பல நகரங்களில் காகித டிக்கெட்டை வாங்கினால் மட்டும் போதாது, ஏறுவதற்கு முன் முத்திரைப் பெட்டியில் செருகி நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. அபராதம் 60 யூரோ. வெளியூர்க்காரர், தெரியாது என்று சொன்னால் பரிசோதகர் விடமாட்டார்.

கோவை வாசகி: ஷெங்கன் விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள்?

தூதரகத்தின் இணையதளத்தில் பாருங்கள், அம்மா. இது என் துறை அல்ல.

சென்னை வாசகர்: மியூனிக்கிலிருந்து ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஒரே நாளில் போய்வர முடியுமா?

முடியாது. ஆஷ்விட்ஸ் இருப்பது போலந்தில், கிராக்கோவ் நகருக்குப் பக்கத்தில். மியூனிக்கை ஒட்டி இருப்பது டாகாவ், அதுவும் நாஜிகளின் வதை முகாம்தான்.

ஈரோடு ஆசிரியை: டாகாவ் போக விரும்புகிறோம். ஒன்பது வயது மகளும் வருகிறாள். எப்படித் திட்டமிடுவது?

மகளை அழைத்துச் செல்ல வேண்டாம். பன்னிரண்டு பதின்மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்த இடம் ஏற்றதல்ல. பெற்றோரில் ஒருவர் போகும்போது மற்றவர் அவளோடு மியூனிக் ஆங்கிலப் பூங்காவில் இருக்கட்டும், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம்.

வழி எளிது. மியூனிக் ரயில் நிலையத்திலிருந்து எஸ் 2 புறநகர் ரயில், டாகாவில் இறங்கி 726 ஆம் எண் பஸ். நுழைவு இலவசம். ஒலி வழிகாட்டிக் கருவிக்கு மட்டும் சிறு கட்டணம்.

1933 மார்ச் 22 அன்று திறந்த முகாம் அது. ஹிட்லர் பதவிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலில் அடைக்கப்பட்டவர்கள் அரசியல் எதிரிகள்: கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகவாதிகள், தொழிற்சங்கத்தார். பிறகு யூதர்கள், ரோமா என்ற சிறுபான்மை இன மக்கள், பாதிரிமார்கள், தன்பாலின ஈர்ப்பாளர்கள், போர்க் கைதிகள். 1945 ஏப்ரல் 29 அன்று அமெரிக்கப் படை நுழையும் வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள்; 41,500 பேராவது இறந்தார்கள். மற்ற முகாம்களுக்கு இதுவே மாதிரி. காவலர்கள் பயிற்சி பெற்றதும் இங்கேதான்.

உள்ளே நுழைந்ததும் பரந்த அணிவகுப்புத் திடல். அதற்கப்பால் கைதிகளின் கொட்டகைகள் நின்ற நெடுந்தெரு. இரண்டு கொட்டகைகளை மட்டும் மறுபடி கட்டியிருக்கிறார்கள். மற்றவை நின்ற இடத்தில் அடித்தளக் கோடுகள்தான், வரிசை வரிசையாக. அவசரப்படும் குழுக்கள் அருங்காட்சியகத்தைப் பார்த்ததும் திரும்பிவிடுகின்றன. அந்தத் தெருவைக் கடைசி வரை நடந்து கடந்தால்தான் முகாமின் அளவு உடம்புக்குத் தெரியும். நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: அன்று மாலைக்கு எந்த நிகழ்ச்சியும் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில் டாகாவ், மதியம் அரண்மனை, மாலை பீர் மண்டபம் என்று அட்டவணை போடுகிறார்கள். அப்படிப் போனால் மூன்றுமே மனத்தில் நிற்பதில்லை.

மதுரை வாசகர்: எனக்கு ஒரு சந்தேகம். இரண்டு வருடம் பணம் சேர்த்து விடுமுறைக்கு வருகிறேன். எங்கள் குழுவில் இருவர் முகாமுக்கு எல்லோரும் வந்தே தீர வேண்டும் என்கிறார்கள். சந்தோஷமாக இருக்க வருகிற இடத்தில் எதற்கு இந்தத் துக்கம்?

உங்களை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. அவர்கள் போகட்டும், நீங்கள் அன்று ஏரிக்கரைக்குப் போங்கள். மனமில்லாமல் வருகிறவர் வாசலில் நின்று கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது அங்கே வந்திருக்கும் மற்றவர்களுக்குத்தான் வருத்தம்.

பெங்களூரு வாசகர்: இதை ஏற்க முடியாது. அந்த நாட்டின் மலையையும் பீரையும் மட்டும் பார்த்துவிட்டு வருவது பொறுப்பின்மை. போகாதவர் வெட்கப்பட வேண்டும்.

உங்கள் அக்கறையை மதிக்கிறேன், ஆனால் வெட்கப்படுத்தி அழைத்துப் போவதை எதிர்க்கிறேன். அந்த இடம் கேட்பது கவனத்தை. அதைக் கட்டாயத்தால் வரவழைக்க முடியாது.

மதுரை வாசகர்: நன்றி. ஆக, துக்கமான இடங்களைத் தவிர்ப்பதில் தவறே இல்லை என்கிறீர்கள்.

அப்படிச் சொல்லவில்லை. போகாமல் இருக்கலாம், தெரியாமல் இருக்கக் கூடாது. முகாமுக்குப் போகாவிட்டாலும் ஜெர்மனியில் அது உங்கள் காலடிக்கே வந்துவிடும். நகரத் தெருக்களில், வீட்டு வாசல்களின் முன் நடைபாதையில், பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடுகள் பதிந்திருக்கும். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிய வேலை. இன்று ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. இந்த வீட்டில் வாழ்ந்தவர் இன்னார், பிறந்த ஆண்டு, கொண்டுபோகப்பட்ட நாள், கொல்லப்பட்ட இடம். அவ்வளவுதான் எழுதியிருக்கும். ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது ஒரு தகட்டின் முன் நின்று முழுவதும் படியுங்கள். அதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தை மட்டும் உங்களிடம் கேட்கிறேன்.

பாரிஸ் வாசகி: அண்ணா, நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள். என் பெரியண்ணா காணாமல் ஆக்கப்பட்டவர். நண்பர்களோடு டாகாவ் வாசல் வரை போனேன், உள்ளே போக முடியவில்லை. மேலே எழுதியவர் சொன்ன வெட்கம் எனக்கும் உரியதா?

இல்லை, தங்கச்சி. துளியும் இல்லை. வீட்டிலேயே அந்தச் சுமையைத் தாங்குகிறவர் இன்னொரு சுவரின் முன் நின்று அதை நிரூபிக்க வேண்டியதில்லை. வாசலில் திரும்பிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களை யாரும் ஏன் என்று கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. என்றாவது மனம் வந்தால், பெரிய முகாமுக்குப் பதில் பெர்லினில் பேபெல் சதுக்கத்துக்குப் போங்கள். 1933 மே 10 அன்று நாஜிகள் புத்தகங்களைக் கொளுத்திய இடம். தரையில் ஒரு கண்ணாடி. குனிந்து பார்த்தால் கீழே வெறும் வெள்ளை அலமாரிகள், இருபதாயிரம் புத்தகங்களுக்கான இடம். திறந்த வெளி அது, எப்போது வேண்டுமானாலும் விலகி நடக்கலாம்.

பெங்களூரு வாசகர்: அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அவரை நினைத்து எழுதவில்லை.

நல்லது. இந்தப் பேச்சை இதோடு நிறுத்திக்கொள்வோம். மற்றவர்களின் கேள்விகள் காத்திருக்கின்றன.

சேலம் மாணவி: பெர்லினில் கற்தூண்கள் நிறைந்த இடத்தில் புகைப்படம் எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் தூண்மேல் ஏறுவது, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவது, இரண்டுக்கும் தடை உண்டு. அது கொல்லப்பட்ட ஐரோப்பிய யூதர்களுக்கான நினைவிடம்: 2,711 கான்கிரீட் தூண்கள், பீட்டர் ஐசன்மன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 2005இல் திறந்தது. தூண்களில் ஒரு பெயரும் இருக்காது. நிலத்தடியில் உள்ள தகவல் மையத்தில்தான் பெயர்களும் வாழ்க்கைகளும் இருக்கின்றன. அங்கே இறங்காமல் திரும்புகிறவர்களே அதிகம். திங்கட்கிழமை மையம் மூடியிருக்கும்.

கூடவே ஒரு எச்சரிக்கை. விளையாட்டுக்காகக்கூட நாஜி வணக்கம் காட்டிப் படம் எடுக்காதீர்கள். இங்கே அது குற்றம்; மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

கரூர் வாசகர்: ஆஷ்விட்ஸுக்கு பெர்லினிலிருந்து எந்த ரயில்?

மேலே பதில் சொல்லிவிட்டேன். போலந்து. பெர்லினிலிருந்து முகாம் பார்க்க வேண்டுமென்றால் எஸ் 1 ரயிலில் ஓரானியன்பர்க் போங்கள். அங்கே ஸாக்சன்ஹவுசன் இருக்கிறது.

நாகர்கோவில் வாசகர்: அக்டோபர் பீர் விழாவுக்கு எப்போது வர வேண்டும்?

செப்டம்பரில். மியூனிக்கில் நடக்கும் இந்த விழா செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் முதல் வாரத்தில் முடிந்துவிடும். 1810இல் ஓர் அரச திருமணத்துக்காக நடந்த குதிரைப் பந்தயத்தில் தொடங்கியது. திடலுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. மூன்று லிட்டர் கொள்ளளவைத் தாண்டிய பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். முதுகுப் பையை விடுதியிலேயே வைத்துவிட்டு வாருங்கள். குடிக்காதவர்களும் வரலாம்: ராட்டினங்கள், வாத்திய இசை, பாரம்பரிய உடையில் குடும்பம் குடும்பமாக மக்கள். அந்நாட்களில் விடுதிக் கட்டணம் பல மடங்காகும்.

தஞ்சை வாசகி: சைவ உணவு கிடைக்குமா?

தாராளமாக. பாலாடைக்கட்டி கலந்த ஷ்பெட்ஸ்லே என்ற நூடுல்ஸ், உருளைக்கிழங்கு அடை, எந்தத் தெருவிலும் ஃபலாஃபெல் என்ற கொண்டைக்கடலை வடை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பல்பொருள் அங்காடிகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

புதுச்சேரி வாசகர்: ஒரே ஊரில் துக்கமும் மகிழ்ச்சியும் சேர்ந்து பார்க்க விரும்பினால் எந்த ஊர்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வைமார். கவிஞர்கள் கோதேயும் ஷில்லரும் வாழ்ந்த ஊர். பௌஹவுஸ் கலைப்பள்ளி 1919இல் தொடங்கிய ஊர். அரைமணி நேரத்தில் நடந்து கடந்துவிடலாம். அதன் தலைமாட்டில் எட்டர்ஸ்பெர்க் குன்று. அந்தக் குன்றின்மேல் 1937இல் நாஜிகள் புக்கன்வால்ட் முகாமைக் கட்டினார்கள். ஏறத்தாழ 56,000 பேர் அங்கே இறந்தார்கள்.

ஊரிலிருந்து பஸ் நேராக மேலே போகிறது. முகாம் வாயிலின் இரும்பு எழுத்துகளைப் பாருங்கள். உள்ளே இருப்பவர் படிப்பதற்காகவே உள்நோக்கி வைத்திருக்கிறார்கள்: அவரவர்க்கு உரியது அவரவர்க்கு. அந்த எழுத்துகளை வடிவமைக்க வைத்தது ஃபிரான்ஸ் எர்லிக் என்ற கைதியை. பௌஹவுஸில் படித்தவர். நாஜிகள் வெறுத்த அந்தப் பள்ளியின் எழுத்து வடிவத்திலேயே செய்துகொடுத்தார், காவலர்கள் கவனிக்கவில்லை. அணிவகுப்புத் திடலில் ஓர் உலோகத் தகடு பதித்திருக்கிறது. கோடையிலும் பனியிலும் அதன் வெப்பம் 37 டிகிரி, மனித உடம்பின் சூடு. குனிந்து கை வையுங்கள்.

முதல் நாள் முழுவதும் மேலே இருங்கள். மறுநாள் கீழே ஊரில். கோதே வீடு, இல்ம் ஆற்றங்கரைப் பூங்கா, சந்தைச் சதுக்கத்தில் கரியடுப்பில் சுடும் துரிங்கிய சாசேஜ். அக்டோபர் இரண்டாம் வார இறுதியில் வந்தால் வெங்காயச் சந்தை: 1653 முதல் நடக்கிறது, பின்னிய வெங்காயச் சரங்கள் தெருவெங்கும் தொங்கும், இசையும் கூட்டமும் இரவு வரை. திங்கட்கிழமை முகாம் கண்காட்சிகள் மூடியிருக்கும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

வேலூர் மாணவர்: விடுதிகளில் பாதுகாப்பு எப்படி?

சொந்தப் பூட்டு கொண்டு வாருங்கள், பாஸ்போர்ட் உடம்போடு இருக்கட்டும். இரவு 10 மணிக்கு மேல் அமைதி காக்க வேண்டும். இளைஞர் விடுதி என்ற ஏற்பாடே இந்த நாட்டில் பிறந்தது. ரிச்சர்ட் ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர் ஆல்டெனா கோட்டையில் தொடங்கினார். அந்தக் கோட்டையில் அன்றைய அறைகளை இன்றும் பார்க்கலாம்.

விழுப்புரம் வாசகர்: டிக்கெட் வாங்கினால் போதும்தானே, முத்திரை கட்டாயமா?

கட்டாயம். முதல் பதிலைப் படியுங்கள்.

திண்டுக்கல் வாசகி: ஞாயிற்றுக்கிழமை ஹாம்பர்க்கில் இருப்போம். எல்லாம் மூடியிருந்தால் என்ன செய்வது?

சீக்கிரம் எழுந்திருங்கள், அம்மா. எல்பே ஆற்றங்கரையில் மீன் சந்தை. கோடையில் காலை 5 மணி, குளிர்காலத்தில் 7 மணி முதல். பழைய ஏல மண்டபத்தில் காலையிலேயே இசைக்குழு வாசிக்கும், விடிய விடியக் கொண்டாடியவர்களும் அப்போதுதான் எழுந்தவர்களும் சேர்ந்து ஆடுவார்கள். பழ வியாபாரிகள் கத்திக் கத்தி கூடை கூடையாக விற்பார்கள். மீன் சாப்பிடாதவர்களுக்கு அந்தக் கூடை ஒன்றே நான்கு பேருக்கு இரண்டு நாள் வரும். 9.30 மணிக்குக் கடைகளைக் கட்டிவிடுவார்கள், அதற்குள் போய்விடுங்கள்.