அத்தை, மாமாவின் மெடிகேர் திட்டத்தை மாற்றும் முன்

தம்பி, நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்த கையோடு அத்தை, மாமாவின் மெடிகேர் (முதியோருக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு) கடிதங்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் உங்களிடம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய அட்வான்டேஜ் திட்டத்தில், அதாவது மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் திட்டத்தில், ஜனவரியிலிருந்து மருந்துச் செலவு கூடுகிறது, வேறு திட்டத்துக்கு மாற முடியுமா என்பது உங்கள் கேள்வி.

முடியும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை மாற்றிக்கொள்ளலாம். புதுத் திட்டம் ஜனவரி 1 அன்று தொடங்கும். மெடிகேர் இணையதளத்திலோ தொலைபேசியிலோ புதியதில் சேர்ந்தால் போதும், பழைய அட்வான்டேஜ் திட்டம் தானாகவே நின்றுவிடும். முன்கூட்டியே நீங்களாக ரத்து செய்யாதீர்கள், இடையில் காப்பீடு இல்லாமல் போகலாம்.

ஒப்பிடும்போது மாதக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பூஜ்யம் டாலர் என்று விளம்பரம் செய்யும் திட்டத்திலும் பார்ட் பி கட்டணத்தை, அதாவது மெடிகேரில் மருத்துவர் செலவைப் பார்க்கும் பகுதிக்கான கட்டணத்தை, தனியாகக் கட்டியே ஆக வேண்டும். 2025இல் அது பெரும்பாலானோருக்கு மாதம் 185 டாலராக இருந்தது. மாமாவின் இதய மருத்துவர் அந்தத் திட்டத்தில் இருக்கிறாரா என்று அவருடைய கிளினிக்கிலேயே கேளுங்கள். எல்லா மருந்துகளையும் அளவோடு எழுதி, மெடிகேர் இணையதளத்தில் உள்ளிட்டால் ஒவ்வொரு திட்டத்திலும் ஆண்டு முழுக்க எவ்வளவு ஆகும் என்று காட்டும்.

நான் மிகவும் கவலைப்படுவது இன்னொரு விஷயத்துக்காக. அட்வான்டேஜை விட்டு அரசின் பழைய மெடிகேருக்குத் திரும்ப இந்த மாதங்களில் தடையே இல்லை. ஆனால் அதில் பொதுவாக 20 சதவீதச் செலவு நம் தலையில் விழும், அதற்கு உச்ச வரம்பும் கிடையாது. அதைத் தாங்க மெடிகேப் என்று தனியார் நிறுவனங்கள் விற்கும் துணைக் காப்பீடு உண்டு. அதை உடல்நிலை பற்றிக் கேள்வி கேட்காமல் தருவது 65 வயதுக்குப் பின் பார்ட் பி தொடங்கிய முதல் 6 மாதங்களில்தான். சில விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி சர்க்கரை, இதய நோய் என்று காரணம் காட்டி நிறுவனம் மறுக்கலாம். பக்கத்து நியூயார்க்கில் எப்போது கேட்டாலும் தர வேண்டும், நியூஜெர்சியில் அப்படி இல்லை. அதனால் மெடிகேப் கைக்கு உறுதியாகும் வரை அட்வான்டேஜை விடாதீர்கள்.

அவர்கள் மார்கழிக்கு ஊருக்குப் போய்ப் பல மாதம் தங்குபவர்களா? பழைய மெடிகேர் இந்தியாவில் ஆகும் செலவைத் தராது. மெடிகேப் ஜி போன்ற சில வகைகள் பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் போக, 80 சதவீதம் தரும். வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். அட்வான்டேஜில் இருப்பவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பெரும்பாலான திட்டங்கள் நீக்கிவிடும். எதில் இருந்தாலும் தனியாகப் பயணக் காப்பீடு எடுத்து அனுப்புங்கள்.

டிசம்பர் 7 தாண்டிவிட்டாலும், அட்வான்டேஜில் இருப்பவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை ஒருமுறை மாறலாம். அப்புறம், இந்தச் சமயத்தில் மெடிகேரிலிருந்து பேசுகிறோம் என்று போன் வந்தால் அட்டை எண்ணைச் சொல்லக் கூடாது என்று அத்தையிடம் சொல்லி வையுங்கள். சந்தேகம் இருந்தால் ஷிப் எனப்படும் அரசு ஆலோசனைச் சேவையைக் கேளுங்கள். இலவசம், எந்தக் கம்பெனிக்கும் விற்றுத் தருபவர்கள் இல்லை, நியூஜெர்சியின் 21 கவுன்டிகளிலும் இருக்கிறார்கள். கடைசி வாரத்தில் கூட்டம் அலைமோதும், அக்டோபரிலேயே நேரம் வாங்கிவிடுங்கள்.