சிறு படகுக்கு ஜி.பி.எஸ், மீன் தேடும் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி (அளம்பில், முல்லைத்தீவு): எங்களிடம் 18 அடி பைபர் படகும் வெளியிணைப்பு எஞ்சினும் உள்ளன. பெரும்பாலும் தூண்டிலில் கலவாய், விளைமீன் பிடிக்கிறோம். பருவத்தில் அறுக்குளாவுக்கு வலை விடுகிறோம். ஜி.பி.எஸ்ஸும் மீன் தேடும் வசதியும் சேர்ந்த கருவி ஒன்றை வாங்க எண்ணியுள்ளோம். படகின் இரு பக்கமும் காட்டக்கூடிய, 7 அங்குலத் திரையுள்ள கருவியே சிறந்தது என்று கடைக்காரர் கூறுகிறார். அவ்வளவு செலவழிக்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பக்கவாட்டுக் காட்சி மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இயங்குவதால், ஆழம் குறைந்த, அலை அடங்கிய நீரில்தான் தெளிவாகத் தெரியும். படகு அலையில் உருளும்போது அந்தப் படமும் குலைந்துவிடும். உங்கள் கடலுக்கும் தொழிலுக்கும் தேவையானது, படகுக்கு நேர் கீழே உள்ள தரையைப் பிழையின்றிக் காட்டி, கண்டெடுத்த பாரை, அதாவது கடலடிக் கல்திட்டை, மறுபடி சென்றடைய உதவும் கருவி. 5 அங்குலத் திரை அதற்குப் போதும். ஆனால் நண்பகல் வெயிலில் அந்தத் திரை வாசிக்கக்கூடியதாக உள்ளதா என்பதைக் கடைக்கு வெளியே எடுத்துச் சென்று பார்த்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

திரையைவிட முக்கியமானது, நீருக்குள் ஒலியை அனுப்பித் திரும்பப் பெறும் உணரி. கடையில் அதை யாரும் கவனிப்பதில்லை. பொதுவாக 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி, குறுகிய கூம்பாக இறங்கி நுணுக்கமான படத்தைத் தரும். 50 அல்லது 77 கிலோஹெர்ட்ஸ் ஒலி விரிந்து இறங்கி, அதிக ஆழத்தை எட்டும், ஆனால் நுணுக்கம் குறையும். இவ்விரு வகையிலும் இயங்கும் உணரியே தூண்டில் தொழிலுக்கு ஏற்றது. கூம்பின் கோணம் 20 பாகையாயின், 30 மீற்றர் ஆழத்தில் கருவி பார்க்கும் வட்டத்தின் குறுக்களவு ஏறத்தாழ 10 மீற்றர் மட்டுமே. திரையில் தெரிவதெல்லாம் அந்த வட்டத்துக்குள் இருப்பவைதான். பெட்டியில் அச்சிட்டுள்ள உச்ச ஆழத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அது பல வேளைகளில் நன்னீரில் அளந்த ஆழம். உவர்நீர் ஒலியைக் கூடுதலாக உறிஞ்சுவதால், அதே கருவி கடலில் அதில் பாதியைக்கூட எட்டாமற் போகலாம். உவர்நீருக்குரிய எண் கையேட்டில் தனியே உள்ளதா என்று கேளுங்கள்.

இனி, உணரியை எங்கே பொருத்துவது என்பது முல்லைத்தீவுக் கரையில் உள்ளவர்களுக்குப் பெரிய கேள்வி. கையேடுகள் பின்பலகையின் வெளிப்புறத்தில் பொருத்தச் சொல்கின்றன. இறங்குதுறையில் கட்டி வைக்கும் படகுக்கு அது பொருந்தும். அலையைக் கடந்து வந்து மணலில் இழுத்து ஏற்றும் படகில் அது நெடுநாள் தாங்காது. உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கருவியின் உணரி அதற்கு இடம் தருமானால், படகின் உட்புறத்தில், பைபர் தடித்து இறுகியிருக்கும் இடத்தில், காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் எப்பொக்சிப் பசையால் அதை ஒட்டலாம். ஒலி பைபரினூடாகச் செல்லும். வலு சிறிது குறையும், நீர் வெப்பநிலையும் சரியாகத் தெரியாது. ஆனால் இடையில் பஞ்சுப்பலகையோ மரமோ வைத்துக் கட்டிய தளமாயின் ஒலி அதைக் கடக்காது. மற்றையது, உணரியை ஒரு குழாயின் நுனியில் பூட்டி, தொழில் செய்யும் இடத்தில் மட்டும் பக்கவாட்டில் இறக்கி, கரை திரும்புமுன் தூக்கிவிடுவது. நான் இந்த இரண்டாவது வழியையே விரும்புகிறேன். உடைந்தாலும் குழாய்தான் உடையும், படகில் துளையிடவும் தேவையில்லை. எவ்வழியாயினும் எஞ்சின் விசிறி கிளப்பும் நுரைக்கு அருகில் உணரி இருக்கக் கூடாது.

மீன் உருவத்தைத் திரையில் வரைந்து காட்டும் வசதியை முதல் நாளிலேயே நிறுத்திவிடுங்கள். அது குமிழியையும், மிதக்கும் பாசியையும், கயிற்றையும்கூட மீனாக வரையும். எதிரொலி பெரும்பாலும் மீனின் காற்றுப்பையிலிருந்தே வருவதால், அப்பை உள்ள கலவாயும் விளைமீனும் நன்கு தெரியும். அது இல்லாத அறுக்குளா, சுறா, திருக்கை ஆகியவை மங்கலாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். ஆகவே அறுக்குளா வலைக்காக இக்கருவியை வாங்குவதில் பொருளில்லை. தூண்டிலுக்காக வாங்குங்கள், அதிலும் மீனைத் தேடுவதைவிடப் பாரைத் தேடுவதற்கென்று வாங்குங்கள். கல்தரை தடித்த கோடாகவும், அதன்கீழ் இரண்டாவது எதிரொலியுடனும் தெரியும். சேற்றுத்தரை மெலிந்து மங்கும். ஆழத்தைப் பாகத்தில் (fathom) சொல்லிப் பழகிய மூத்தவர்கள் படகில் இருந்தால், அலகையும் அப்படியே மாற்றிவையுங்கள். ஏறத்தாழ எல்லாக் கருவியிலும் அதற்கு இடமுண்டு.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் கருவி பாதி வழியில் நின்றுபோவது பெரும்பாலும் அதனால்தான். 5 அங்குலக் கருவி ஒன்று 0.8 அம்பியர் இழுப்பதாகக் கொண்டால், பத்து மணிநேர இரவுத் தொழிலுக்கு 8 அம்பியர்-மணி தேவை. ஈய அமில பற்றரியைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அது விரைவில் பழுதாகும் என்பதால், 18 அல்லது 20 அம்பியர்-மணி பற்றரியே வாங்க வேண்டும். கையால் இழுத்து இயக்கும் எஞ்சினில் லைட்டிங் கொயில் (விளக்குக்கு மின்சாரம் தரும் சுருள்) இருந்தாலும் அதிலிருந்து வருவது ஆடலோட்ட மின்சாரம். அதை நேரோட்டமாக மாற்றும் ரெக்ரிபயர் இல்லாமல் நேரே கருவிக்குக் கொடுத்தால் கருவி எரிந்துவிடும். கையேடு சொல்லும் அளவுள்ள பியூஸை பற்றரியின் பக்கமாகப் போடுங்கள்.

கேள்வி (விடத்தல்தீவு, மன்னார்): நண்டு வலையும் சிறிய வலைகளும் விடுகிறோம். வலையைத் திரும்பக் கண்டுபிடிக்கவும், இந்திய எல்லையை அறியாமல் தாண்டாமலிருக்கவும் ஏதாவது வேண்டும். கையடக்கத் தொலைபேசி போதுமா?

பதில்: உங்களுக்கு மீன் தேடும் கருவி தேவையே இல்லை. 5 மீற்றர் ஆழத்தில் மேலே சொன்ன கூம்பு 2 மீற்றர் அகலத்தைக்கூடக் காட்டாது. தரையோடு கிடக்கும் நண்டை அது பிரித்துக் காட்டவும் மாட்டாது. அந்தப் பணத்தில் கையில் பிடிக்கும் ஜி.பி.எஸ் ஒன்றும் பாதுகாப்பு அங்கி ஒன்றும் வாங்குங்கள்.

தொலைபேசியின் ஜி.பி.எஸ்ஸுக்குக் கோபுர அலை தேவையில்லை. வரைபடத்தைக் கரையிலேயே பதிவிறக்கி வைத்தால் கடலிலும் அது இயங்கும். ஆனால் ஈரக் கையால் திரையைத் தொட்டு இயக்குவது கடினம், பற்றரி விரைவில் இறங்கும், ஆபத்தில் உதவி கேட்பதற்கும் அதே தொலைபேசிதான் இருக்கும். ஆகவே அதைத் துணைக்கு வைத்துக்கொண்டு, ஐ.பி.எக்ஸ்.7 தரமுள்ள, நீரில் விழுந்தால் மிதக்கும் கையடக்க ஜி.பி.எஸ்ஸை முதன்மையாகக் கொள்ளுங்கள். ஐ.பி.எக்ஸ்.7 என்பது ஒரு மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் தாங்கும் என்பதற்கான தரம். அதில் மிதப்பதைப் பற்றி ஒன்றும் இல்லை, அதைத் தனியே கேட்க வேண்டும். டபுள்-ஏ பற்றரியில் இயங்குவது நல்லது. எந்தக் கடையிலும் கிடைக்கும்.

எல்லையைப் பொறுத்தவரை, பாக்குநீரிணைக் கோடு 1974 உடன்படிக்கையிலும், மன்னார் வளைகுடாக் கோடு 1976 உடன்படிக்கையிலும் அகலாங்கு, நெட்டாங்குப் புள்ளிகளாக வரையறுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பதியும்போது ஒரு பிழை எளிதில் நேரும். 1974இன் மூன்றாம் புள்ளியின் அகலாங்கு 9 பாகை 40.15 நிமிடம். இதை 40 நிமிடம் 15 செக்கன் என்று பதிந்தால் இடம் 185 மீற்றர் விலகும், ஏனெனில் 40.15 நிமிடம் என்பது 40 நிமிடம் 9 செக்கன். அகலாங்கின் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீற்றர். வலை கிடக்கும் இடத்தை அடுத்த படகுக்குச் சொல்லும்போதும் இதே பிழை நேர்வதால், ஒரே சங்கத்துப் படகுகள் அனைத்தும் ஒரே வடிவத்தில் கருவியை அமைத்துக்கொள்வது நல்லது. எச்சரிக்கை ஒலியை எல்லையிலேயே வைக்காமல், எஞ்சின் நின்றாலும் நீரோட்டம் இழுப்பதற்கு முன் நங்கூரம் போட நேரம் கிடைக்கும்படி, இரண்டு மூன்று கடல்மைல் முன்னதாகவே வையுங்கள்.

கேள்வி (முல்லைத்தீவு): நீர் புகாது என்று சொல்லி விற்ற கருவி இரண்டு மாதத்தில் நீர் புகுந்து நின்றுவிட்டது. கடைக்காரர் ஒரு வருட உத்தரவாதத்தை ஏற்க மறுக்கிறார்.

பதில்: தாமதிக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாட்டை அந்த அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து வழி கேட்கலாம், ஆனால் அழைப்பு மட்டும் போதாது. பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, கருவியின் தொடரிலக்கம், நீர் புகுந்ததைக் காட்டும் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, மூலங்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கருவியைத் திறந்து பார்க்கவோ உள்ளூரில் திருத்தக் கொடுக்கவோ வேண்டாம். திறந்த அடையாளம் தெரிந்தால் அதையே காரணமாகச் சொல்லி மறுப்பார்கள்.